ஐந்து அங்குல ரிம்மில் எவ்வளவு அகலமான டயர் போடலாம்?

கேள்வி: 2019 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வைத்திருக்கிறேன். கம்பெனி டயர் 165/80 ஆர்14, இரும்பு ரிம். 45,000 கி.மீ. ஓடிவிட்டது. மழையில் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது. ரிம்மை மாற்றாமல் 195/65 ஆர்14 போட்டால் கிரிப் கூடும் என்கிறார்கள் டயர் கடையில். போடலாமா?

195 வேண்டாம். அகலம்தான் வேண்டுமென்றால் 185/70 ஆர்14 போடுங்கள். இந்த ரிம்முக்கு அதுவே எல்லை.

அந்த எல்லை ரிம்மிலேயே இருக்கிறது. வீல் கப்பைக் கழற்றி, சேற்றைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். வால்வுத் துளைக்குப் பக்கத்திலோ நட்டுத் துளைகளைச் சுற்றியோ ‘14×5 ஜே’ என்று குத்தியிருக்கும். 14 ரிம்மின் விட்டம். 5 என்பது டயரின் இரு விளிம்புகளும் போய் உட்காரும் இடங்களுக்கு இடைப்பட்ட அகலம். இரண்டுமே அங்குலக் கணக்கு. ஜே என்பது விளிம்பு மடிப்பின் வடிவம். கடையில் 14-ஐ மட்டும் பார்த்துவிட்டு டயரை எடுத்து வைத்துவிடுவார்கள். கோளாறு வருவதெல்லாம் அந்த 5-ஐப் பார்க்காததால்தான்.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகல ரிம் பொருந்தும் என்று தரநிலை உண்டு. 165/80 ஆர்14-க்கு 4 முதல் 5.5 அங்குலம். 185/70 ஆர்14-க்கு 4.5 முதல் 6. 195/65-க்கோ 5.5 முதல் 7. ஆக, 195/65-க்கு உங்கள் ரிம் அரை அங்குலம் குறைவு. ஆனாலும் டயர் ஏறிவிடும், காற்றும் நிற்கும். கடைக்காரர் தைரியமாகச் சொல்வது அதனால்தான்.

ஏறிய பிறகு என்ன ஆகும்? விளிம்புகள் இரண்டும் உள்நோக்கி இழுபட்டு, பக்கச்சுவர் பூரி மாதிரி உப்பும். தரையைத் தொடும் பகுதி தட்டையாக இல்லாமல் நடுவில் மேடாகிவிடும். நடுப்பகுதி சீக்கிரம் மொட்டையாக, ஓரங்கள் புதுசாகவே இருக்கும். காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் ஒரு பகுதி தரையைச் சரியாகத் தொடாது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் பக்கச்சுவர் சாயும், அதற்குப் பிறகே வண்டி திரும்பும். காற்று குறைந்த நேரத்தில் வேகமாக வளைந்தாலோ பள்ளத்தில் ஓரமாக விழுந்தாலோ விளிம்பு இருப்பிடத்தை விட்டு நழுவவும் வாய்ப்பு அதிகம். டியூப்லெஸ் டயரில் விளிம்பு நழுவினால் காற்று முழுவதும் அந்த நொடியே போய்விடும்.

அடுத்து விட்டம். 165/80 என்பதில் 165 டயரின் அகலம், மி.மீ. கணக்கு; பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132. அது மேலும் கீழும் சேர்த்து 264, ரிம்மின் 355.6-ஐக் கூட்டினால் மொத்தம் 619.6 மி.மீ. இதே கணக்கில் 185/70 ஆர்14-க்கு 614.6 வரும். வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டரில் தெரியாது. கவனமாக இருக்க வேண்டியது 185/65 ஆர்14-இடம். “அதுவும் 185-தானே சார்” என்று கையிருப்பில் இருப்பதை மாட்டிவிடுவார்கள். அதன் விட்டம் 596 மி.மீ.தான். வண்டி 12 மி.மீ. இறங்கிவிடும், ஸ்பீடோமீட்டரும் ஓடோமீட்டரும் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். நம் ஊர் வேகத்தடைகளுக்கு முன்னால் 12 மி.மீ. சின்ன விஷயமில்லை.

சுமை எண்ணையும் பாருங்கள். அளவுக்குப் பின்னால் ‘85 டி’ என்பதுபோல இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 88 என்றால் 560. உங்கள் வண்டிக்கு 85-க்குக் கீழே இறங்கக் கூடாது. 185/70 ஆர்14 பெரும்பாலும் 88-இல் வருவதால் அதில் சிக்கலில்லை. 175/65 ஆர்14 வழக்கமாக 82. விட்டமும் குறைவு, தாங்கும் எடையும் குறைவு.

இனி நீங்கள் சொன்ன மழை விஷயம். டயர் அகலமானால் தரையைத் தொடும் பரப்பும் அதே அளவுக்குக் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது மேலே இருக்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். ஒரு முன்சக்கரத்தின்மேல் 300 கிலோ, காற்று 30 பிஎஸ்ஐ என்று வையுங்கள். 30 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. வகுத்தால் சுமார் 140 சதுர செ.மீ., அஞ்சல் அட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. 165 போட்டாலும் 185 போட்டாலும் பரப்பு ஏறக்குறைய அதுவே; வடிவம்தான் நீளம் குறைந்து அகலமாகும். காய்ந்த சாலையில் வளையும்போது அந்த வடிவம் கைகொடுக்கும். தண்ணீர் தேங்கிய சாலையில் நிலைமை தலைகீழ்: அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும், அதனால் சீக்கிரம் மிதக்கும்.

உங்கள் வண்டி வழுக்குவதற்குக் காரணம் 165 என்ற அகலமாக இருக்காது, தேய்மானமாகத்தான் இருக்கும். த்ரெட்டின் (தரையைத் தொடும் ரப்பர் வெட்டுகளின்) பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மி.மீ. த்ரெட் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் சட்டப்படியே டயரை மாற்ற வேண்டும். மழைச் சாலையில் பிடிப்பு குறைவதோ அதற்கு வெகு முன்பே, 3 மி.மீ. வாக்கிலேயே தொடங்கிவிடும். நல்ல ரப்பர் கலவையுள்ள புது 165/80 போட்டாலே உங்கள் குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மைலேஜும் குறையாது. எங்களைக் கேட்டால், மழை ஒன்றே கவலையென்றால் 165-லேயே ஒரு படி உயர்ந்த டயரை வாங்குங்கள். நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டுபவர், வளைவில் வண்டி அலைவது பிடிக்காதவர் என்றால் 185/70 போடலாம். முதல் தலைமுறை ஸ்விஃப்டின் இசட்எக்ஸ்ஐ இதே அளவோடுதான் வந்தது. மைலேஜ் சற்றுக் குறையும், நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங் லேசாகக் கனக்கும், அவ்வளவுதான்.

185 போடுவதாக முடிவு செய்தால் நான்கையும் மொத்தமாக மாட்டச் சொல்லாதீர்கள். முதலில் முன்பக்கம் ஒன்று. 5 அங்குல ரிம்மில் இது பழைய டயரைவிட உத்தேசமாக 14 மி.மீ. அகலம், பக்கத்துக்கு 7. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஸ்ட்ரட்டுக்கும் (சக்கரத்துக்கு உள்பக்கம் நிற்கும் சஸ்பென்ஷன் தூண்) டயருக்கும் நடுவில் விரல் தாராளமாக நுழைய வேண்டும். நான்கும் மாட்டிய பிறகு டயர்களின் தோள்பட்டையில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு இரண்டு வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்குங்கள். வீல் ஆர்ச்சின் உள்பக்க பிளாஸ்டிக்கில் வெள்ளைத் தடம் விழுந்திருந்தால் உரசுகிறது.

முன்னால் 185, பின்னால் பழைய 165 என்று ஓட்டாதீர்கள். முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் ஈரத்தில் சுழன்றுவிடும். இப்போதைக்கு இரண்டுதான் வாங்க முடியும் என்றால் 165-லேயே வாங்கி, புதியதைப் பின்னால் போடுங்கள். முன்சக்கர இழுவை வண்டிக்கும் அதுதான் சரி. பக்கச்சுவரில் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். புதிய ரப்பர் வால்வு, பேலன்சிங், அலைன்மெண்ட் மூன்றையும் விடாதீர்கள். ஸ்டெப்னியாகப் பழைய 165-இல் த்ரெட் மிச்சமிருப்பது ஒன்று போதும், பஞ்சர் கடைவரை போய்ச் சேரத்தான்.

195 போட்டே தீர வேண்டுமென்றால் ரிம்மையும் மாற்ற வேண்டும். இசட்எக்ஸ்ஐ-யின் 15 அங்குல அலாய் நல்ல வழி. அதில் கம்பெனியே போடும் 185/65 ஆர்15-இன் விட்டம் 621.5 மி.மீ., உங்கள் பழைய டயரைவிட 2 மி.மீ.தான் கூடுதல். அலாய் 5.5 அங்குல அகலமா என்று முத்திரையில் பார்த்துக்கொண்டால் 195/60 ஆர்15-உம் அதில் ஏறும், 615 மி.மீ.

காற்று, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான். அகல டயர் என்பதற்காகக் குறைக்கவும் வேண்டாம், “35 வெச்சுக்கோங்க” என்றால் தலையாட்டவும் வேண்டாம். 3,000 கி.மீ. ஓடியதும் த்ரெட் ஆழத்தை நடுவிலும் இரு ஓரங்களிலும் அளந்து பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் குறைவு. ஒரே ஓரம் மட்டும் என்றால் அலைன்மெண்ட்டுக்கு மறுபடி விடுங்கள்.