மாமாவுக்கு வேண்டியது டாக்டர் பட்டம், மகனுக்கு வேண்டியது மருந்துக்கடை

அம்மா, மகனை எந்த மருந்தியல் (பார்மசி) படிப்பில் சேர்ப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நீட்டில் மதிப்பெண் வராததால் அவன் எதையும் இழந்துவிடவில்லை. அவன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கியிருக்கும் மதிப்பெண்ணுக்கு மருந்தியல் படிப்பில் இடம் கிடைக்கும். ஆறுதல் இவ்வளவுதான். மீதி, உங்கள் அண்ணனோடு எனக்கிருக்கும் தகராறு.

பார்ம்.டி என்ற மருந்தியல் பட்டப்படிப்பில் சேர்த்துவிடு, பெயருக்கு முன்னால் டாக்டர் வரும் என்கிறார் அவர். ஐந்து ஆண்டு பாடம், ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி, ஆக ஆறு ஆண்டு. நீங்கள் எழுதியபடி நிர்வாக ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 1,40,000 ரூபாய், விடுதிக்கு 70,000. ஆறாம் ஆண்டு கட்டணமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 11,20,000 ஆகிறது. கல்விக் கடன் பொதுவாக ஏழரை லட்சம் வரைதான் சொத்துப் பிணை இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போக வேண்டும். 11 லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்து ஆண்டு கட்டினால் மாதத் தவணை சுமார் 14,500. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. இந்தத் தவணையை அண்ணன் கட்டுவாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பட்டம் நோயாளிக்கு மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமையைத் தராது. மருந்துக்கடைக் கவுன்டரிலோ அதற்குத் தனி மதிப்பும் கிடையாது. 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் பதிவேட்டில் டி.பார்ம் (இரண்டாண்டு டிப்ளமோ), பி.பார்ம் (நாலாண்டுப் பட்டம்), பார்ம்.டி மூவரும் 'பதிவு பெற்ற மருந்தாளுநர்' என்ற ஒரே பெயரில்தான் இருப்பார்கள். இரண்டாண்டு டிப்ளமோ படித்தவர் சட்டப்படி செய்யக்கூடிய மருந்து விநியோகத்தைத்தான் ஆறாண்டு படித்தவரும் செய்வார். பார்ம்.டி வீண் படிப்பு என்று சொல்லவில்லை. மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு, மருத்துவப் பரிசோதனை ஆய்வு (புது மருந்துகளை நோயாளிகளிடம் சோதிப்பது) என்று போகிறவர்களுக்கு அது உதவும். அமெரிக்காவில் உரிமம் வாங்க நினைப்பவர்களுக்கு அது தேவையும்கூட. ஏனென்றால் 2003-க்குப் பின் பட்டம் பெற்றவர்களிடம் அங்கே குறைந்தது ஐந்தாண்டு பாடத்திட்டம் கேட்கிறார்கள், நாலாண்டு பி.பார்ம் அதற்குப் போதாது. உங்கள் மகன் இவற்றில் எதையும் கேட்கவில்லை. மாலை நேரத்தில் தெருமுனை மருந்துக்கடையில் போய் நிற்பதும், பாட்டிமார்களுக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்வதும்தான் அவனுக்குப் பிடித்திருக்கிறது. (அலமாரி அடுக்கட்டும், பில் போடட்டும். மருந்தை எடுத்து நோயாளி கையில் கொடுப்பதும் விளக்கம் சொல்வதும் இப்போதைக்கு வேண்டாம். காரணம் கீழே வருகிறது.)

இந்த ஆசைக்குப் பொருந்துவது டி.பார்ம். 'டிப்ளமோவா?' என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பதால் யாரும் அதை முழுதாகப் பார்ப்பதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் இருந்தால் போதும், நீட் தேவையில்லை. படிப்பு இரண்டு ஆண்டு. அதன்பின் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி, அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து வழங்கியதாக இருக்க வேண்டும். இதை மருத்துவமனையிலோ உரிமம் பெற்ற மருந்துக்கடையிலோ பதிவு பெற்ற மருந்தாளுநரின் கீழ் செய்யலாம். 2022-இல் வந்த விதிப்படி டிப்ளமோ முடித்தவர்களுக்கு வெளியேறும் தேர்வு ஒன்றும் உண்டு. மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் எடுக்க வேண்டும். அவன் சேரும் ஆண்டுக்கு என்ன நடைமுறை என்பதை இந்திய மருந்தியல் கவுன்சிலின் தளத்திலேயே பாருங்கள், கல்லூரிக்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். அதன்பின் தமிழ்நாடு மருந்தியல் கவுன்சிலில் பதிவு.

கோளாறு நடப்பது சேர்க்கையில்தான். ஒரே கல்லூரிக்கு பி.பார்ம் அங்கீகாரம் இருக்கும், டி.பார்முக்கு இருக்காது. அதனால் கல்லூரிப் பெயரை மட்டும் பார்க்காமல், எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு, எத்தனை இடம் என்று இந்திய மருந்தியல் கவுன்சிலின் பட்டியலில் சரிபாருங்கள். 'வகுப்புக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாங்க' என்று வெளிமாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார். 75 சதவீத வருகை விதி உள்ள படிப்பு இது. அப்படி வாங்கிய சான்றிதழ் பதிவு நேரத்தில் மாட்டிக்கொண்டால் கட்டிய பணமும் போகும், இரண்டு வருடமும் போகும்.

டி.பார்ம் முடித்தவர் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மொத்தம் ஐந்து ஆண்டு. அப்போது மருந்து ஆய்வாளர் (டிரக் இன்ஸ்பெக்டர்) பணிக்கு அடிப்படையான மருந்தியல் பட்டமும் கையில் இருக்கும், தொழில் பதிவும் அதற்கு வெகு முன்பே வந்திருக்கும். மேலே படிக்கப் பிடிக்கவில்லை என்றால் இரண்டு ஆண்டோடு நிறுத்தினாலும் நஷ்டமில்லை. பார்ம்.டியில் மூன்றாம் ஆண்டு மனம் மாறினால் கையில் ஒரு சான்றிதழும் இருக்காது. அரசு மருத்துவமனை மருந்தாளுநர் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்கும் தகுதிக்கும் டி.பார்ம் போதும், தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய்.

'கார்ப்பரேட் கடைகள் வந்துவிட்டன, இனி மருந்தாளுநருக்கு என்ன மதிப்பு?' என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். நம் நாட்டில் மருந்துக்கடையை யார் வேண்டுமானாலும் நடத்தலாம், கம்பெனியும் நடத்தலாம். ஜெர்மனியில் மருந்தாளுநர்தான் உரிமையாளராக இருக்க முடியும், அவரும் ஒரு தலைமைக் கடையோடு மூன்று கிளை வரைதான் வைத்துக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. ஆனால் கடை யாருடையதாக இருந்தாலும் பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் மருந்து விநியோகம் நடக்க வேண்டும். பதிவு இல்லாதவர் கொடுத்தால் மருந்தியல் சட்டத்தின் 42-ஆவது பிரிவில் முன்பு அபராதம் ஆயிரம் ரூபாயோடு நின்றது. 2023-இல் ஜன் விஸ்வாஸ் திருத்தம் அதை இரண்டு லட்சம் வரை உயர்த்தியது, மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. மகனை இப்போது மருந்து கொடுக்க வேண்டாம் என்றது இதனால்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 24 மணி நேரமும் திறந்திருக்கும் கடைக்கு வாரம் 168 மணி நேரம். ஒருவருக்கு வாரம் 48 மணி நேர வேலை என்றால் மூன்றரை ஆள், அதாவது நான்கு மருந்தாளுநர் வேண்டும். பதினாறு மணி நேரக் கடைக்கே மூன்று பேர் தேவை. உரிமத்தில் ஒரே ஒருவர் பெயர் இருந்தால் மீதி நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று நீங்களே ஊகிக்கலாம். சட்டம் இறுக இறுக, கடைகளுக்குத் தேவைப்படும் ஆள் கூடும். 2023 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் தேசிய மருந்தியல் ஆணைய மசோதாவின் வரைவை வெளியிட்டது. 1948 சட்டத்தை நீக்கிவிட்டு, கல்விக்கும், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கும், தொழில் நெறி - பதிவுக்கும் தனித்தனி வாரியம் அமைப்பது அதன் திட்டம். அதை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நடப்பில் உள்ள சட்டத்திலேயே டி.பார்முக்கு இடம் போதுமான அளவு இருக்கிறது.

கம்பெனிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தால் கவனம் வேண்டும். கம்பெனி செய்யும் குற்றத்துக்கு, அந்த நேரத்தில் பொறுப்பில் இருந்தவரையும் மருந்துகள் - அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 34-ஆவது பிரிவு இழுக்கும். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தான் கவனமாகவே இருந்தேன் என்றோ நிரூபித்தால்தான் தப்பலாம். ஆகவே நியமனக் கடிதத்தில் வேலை நேரம் எழுதியிருக்க வேண்டும். விடுப்பு நாளில் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வேண்டும். எச்1 பதிவேட்டில் (சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஆன்டிபயாடிக் போன்ற சில மருந்துகளுக்கான தனிப் பதிவேடு) மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் அன்றன்றே ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். விற்பனை இலக்கை விரட்டும் மேலாளர் 'சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் கொடு' என்பார், மாட்டினால் அவர் பெயர் அங்கே இருக்காது. வேலையை விட்டால் அன்றே மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து முத்திரையுடன் நகல் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் விட்டுப்போன கடையில் அவன் பெயர் தொங்கிக்கொண்டே இருக்கும்.

சொந்தக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 108 சதுர அடி இடம் வேண்டும். இன்சுலின், தடுப்பூசி வைக்க 2 முதல் 8 டிகிரி காக்கும் குளிர்பெட்டி. இரவில் மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைத்தால் இன்சுலின் கெட்டது கண்ணுக்குத் தெரியாது, நோயாளியின் சர்க்கரைதான் காட்டிக்கொடுக்கும். காலாவதிச் சரக்கை 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதித் தனியே வைக்க வேண்டும். லாபத்தைப் பெரிதாக நினைக்காதீர்கள். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடையின் பங்கு வாங்கிய விலையில் 16 சதவீதம். அப்படிப்பட்ட மருந்து மாதம் 3 லட்சத்துக்கு விற்றால், ஜிஎஸ்டி நீங்கலாக, 41,000 சொச்சம் நிற்கும். பெரிய கடையோடு போட்டிபோட்டுப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 30,000 போய்விடும், மிஞ்சுவதில் வாடகைகூடக் கட்ட முடியாது. தள்ளுபடியில் அவர்களை ஜெயிக்க முடியாது. பாட்டிக்கு மாத்திரையை விளக்கிச் சொல்லும் பொறுமையால் வாடிக்கையைப் பிடிக்கலாம், அது உங்கள் மகனிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் திட்டத்தில் டி.பார்ம், பி.பார்ம் முடித்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. பாதி பணமாக, பாதி மருந்தாக. புதிதாக விண்ணப்பம் வாங்கும்போது அதையும் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. பதிவு வந்த மறுநாளே 'சான்றிதழை மட்டும் கொடுங்கள் தம்பி, மாதம் இவ்வளவு தருகிறோம், கடைக்கு வரவே வேண்டாம்' என்று ஆள் வருவார். பி.பார்ம் படித்துக்கொண்டே அந்த வாடகையை வாங்கலாமே என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்வார்கள். கூடவே கூடாது. கடையில் இல்லாத நேரத்தில் நடந்த விநியோகத்துக்கு அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும், பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டால் எல்லா வருடமும் வீண்.

பார்ம்.டி இடத்துக்கு முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள், மகனைச் சொல்லவிடாதீர்கள். டி.பார்ம், பி.பார்ம் இரண்டுக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள். விருப்பப் பட்டியலில் அரசுக் கல்லூரிகள் முதலில் வரட்டும்.