தம்பியைத் தனியே விடாதீர்கள்

கேள்வி: அடியும் வசையும் நிறைந்த வீட்டில் நானும் என் தம்பியும் வளர்ந்தோம். இரண்டு மாதங்களாக அவன் உறங்குவதில்லை, யாருடனும் பேசுவதில்லை. "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்கிறான். அக்காவாக நான் என்ன செய்வது?

பதில்: அந்த வாக்கியத்தை வெறும் விரக்திப் பேச்சு என்று கடந்துவிடாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று இன்றே, தனிமையில், நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, சுமையை இறக்கிவைக்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே பெரும்பாலும் பிறக்கும். அவர் ஆம் என்றாலோ, அதற்கான வழியை யோசித்திருந்தாலோ, அவரைத் தனியே விடாமல், மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றை அப்புறப்படுத்திவிட்டு, உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டால், அதற்கு மட்டும் இணங்காதீர்கள்.

அவ்வளவு அவசரம் தென்படாவிட்டாலும் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரப் பொதுவாக 2 முதல் 4 வாரங்களோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், பயனில்லை என்று அவர் இடையில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "நானும் அதே வீட்டில்தானே வளர்ந்தேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் இருவர் பட்ட காயம் ஒன்றல்ல.

உங்கள் உறக்கம் எப்படி இருக்கிறது என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லாதது எனக்குக் கவலை தருகிறது. நம்பகமான ஓர் உறவினரையோ நண்பரையோ துணைக்குச் சேர்த்துக்கொண்டு, உங்களுக்கும் ஒரு மனநல ஆலோசகரைத் தேடுங்கள்.