பழைய எம்ஜிபி காருக்கு கியர் பொக்ஸ திருத்துறதா, அஞ்சு கியர் பொக்ஸா மாத்துறதா?

நீங்க கேட்டது இதுதானே: பண்டாரவளையில 1969 எம்ஜிபி, அந்த பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், ஒன்னு வச்சிருக்கீங்க, காலையில ரெண்டாவது போட்டா கர்ர்னு கத்துது, எறக்கத்துல மூணாவது கழண்டு நியூட்ரலுக்கு வந்துருது, பழைய பொக்ஸ திருத்துறதா இல்ல இங்கிலாந்துல இருந்து ஃபோர்ட் அஞ்சு கியர் பொக்ஸ் செட் எடுக்குறதா. நான் தலவாக்கலைப் பக்கம். மாமா கராஜ்ல 68 எம்ஜிபி ஒன்னு இருக்கு, 75ல தோட்டங்கள அரசாங்கம் எடுத்தப்ப ஒரு வெள்ளக்கார துரை வித்துட்டுப் போனது, நாலஞ்சு கை மாறி கடைசியில கோழி முட்டையிடுற நெலமையில மாமாகிட்ட வந்துச்சு. 2022ல பெற்றோல் இல்லாம எல்லா வண்டியும் படுத்துக் கெடந்தப்ப, சும்மா தானே இருக்கோம்னு அதோட பொக்ஸ எறக்குனோம், அதனால சொல்றேன்.

திருத்துங்கன்னு தான் சொல்லுவேன். ஆனா அதுக்கு முந்தி, எறக்கணுமான்னே பாருங்க, ஏன்னா இந்த வண்டியில பொக்ஸ மட்டும் கீழால கழட்ட முடியாது, எஞ்சினையும் சேத்து தான் தூக்கணும்.

மொதல்ல கிளச்ச முழுசா மிதிச்சு பத்து எண்ணிட்டு மெதுவா ரிவர்ஸ் போட்டுப் பாருங்க. ரிவர்ஸுக்கு சிங்க்ரோ, அதாவது கியர் விழ முந்தி ரெண்டு பக்க வேகத்தையும் ஒன்னாக்குற ரிங், கெடையாது, கிளச் சரியா விடலைன்னா அது கத்திக் காட்டிக் குடுத்துரும். அப்பிடி கத்துனா பொக்ஸ் மேல பழி போடாதீங்க, கீழ இருக்க கிளச் சிலிண்டர் ரப்பரையும் வளையுற ஹோஸையும் பாருங்க, பழைய ஹோஸ் தளந்து போயிருந்தா மிதிக்கிறப்ப ஊதி பெடல் மிதிக்கிற பலத்த எல்லாம் அதுவே தின்னுரும்.

அடுத்தது ஒயில். எங்க வண்டியில முந்தி வச்சிருந்தவரு 90 கியர் ஒயில் ஊத்தி வச்சிருந்தாரு, கேட்டா "கியர் பொக்ஸுக்கு கியர் ஒயில் தானே தம்பி"ங்கிறாரு, அவரு சொல்றதும் நியாயமா தான் தெரியும், ஆனா எம்ஜிபி பொக்ஸுக்கு கம்பனி சொன்னது எஞ்சின் ஒயில், 20டபிள்யூ-50. நம்ம ஊரு ஜனவரி காலையில புல்லு மேல உறைபனி விழுற ஊரு, அந்த குளுருக்கு 90 ஒயில் சீனிப்பாணி மாதிரி நிக்கும், சிங்க்ரோ ரிங் அந்த ஒயில கிழிச்சு கியரோட கோன புடிக்கிறதுக்குள்ள நீங்க கியர தள்ளிருவீங்க, கத்தாம என்ன செய்யும். அதுலயும் டின்ல ஜிஎல்-5ன்னு ஒயில் தரம் போட்டிருந்தா அதுல இருக்க கந்தக மருந்து பித்தளை ரிங்குக்கு ஆகாது. வடிச்சிட்டு 20டபிள்யூ-50 மூணு லீற்றர் கிட்ட ஊத்தி ரெண்டு வாரம் ஓட்டுங்க. எங்களுக்கு காலைக் கத்தல் பாதி அதுலயே போயிருச்சு.

மூணாவது கழண்டு வர்றது தான் நெசமான நோய். நம்ம எல்லாரும் எறக்கத்துல எஞ்சின்ல புடிச்சு தானே வருவோம், ரதெல்ல குறுக்கு ரோட்டுல அது கழண்டா வயிறு கலங்கிப் போயிரும். அதுக்கு பொக்ஸ தொறந்து தான் ஆகணும், கியர கோத்துப் புடிக்கிற ஹப் பல்லு முனை மழுங்கியிருக்கும் இல்லாட்டி கியர் மாத்துற செலக்டர் தண்டுல இருக்க பந்தும் ஸ்பிரிங்கும் தளந்திருக்கும். ஸ்பிரிங்னா அதிர்ஷ்டம். சத்தமும் கேட்டு வைங்க: 1, 2, 3ல ஊளையிட்டு நாலாவதுல அடங்குனா லேஷாஃப்ட், பொக்ஸுக்குள்ள இருக்க பக்கத் தண்டு, ஏன்னா நாலாவது நேரடி, பாரம் அந்த வழியா போகாது. தொறந்ததும் லேஷாஃப்ட்ட நகத்தால தடவிப் பாருங்க, குழி தட்டுனா தூக்கிப் போட்டுட்டு பெயாரிங்கோட சேத்து புதுசு போடுங்க, பாலிஷ் பண்ணி போடலாம்னு எந்த மெக்கானிக் பாஸ் சொன்னாலும் கேக்காதீங்க.

சாமான் வாங்க முந்தி பொக்ஸ் எதுன்னு பாத்துக்குங்க. 67 கடைசியில வந்த மாடல்ல இருந்து தான் நாலு கியருக்கும் சிங்க்ரோ, அதுக்கு முந்தின பொக்ஸ்ல மொத கியருக்கு இல்ல, உள்சாமானும் வேற. உங்க 69க்கு நாலு சிங்க்ரோ தான் இருக்கணும், ஆனா அம்பது வருஷத்துல யாரு எத மாத்தி வச்சாங்களோ. கொழும்பு பஞ்சிகாவத்தையில தேடி அலையாதீங்க, அங்க ஜப்பான் சாமான் மலை மாதிரி கெடக்கும், இதுக்கு இங்கிலாந்துல இருந்து எடுக்குறது தான் வழி.

சரி, அந்த அஞ்சு கியர். ஃபோர்ட் சியராவுல வந்த டைப் 9 பொக்ஸ் தான் அது, நல்ல பொக்ஸ், குறை சொல்லல. ஆனா கணக்குப் பாருங்க: அதுல சாதாரண நாலு சிலிண்டர் பொக்ஸுக்கு மொத கியர் விகிதம் 3.65, ரெண்டாவது 1.97. நம்ம பொக்ஸுக்கு 3.44, 2.17. எஞ்சின் 5000 சுத்துல ஓடுறப்ப மொத கியர்ல இருந்து ரெண்டாவதுக்கு மாத்துனா நம்மளுது 3150க்கு எறங்கும், அது 2700க்கு எறங்கும், கொண்டை ஊசி வளைவுல ஏத்தம் ஏறும்போது அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். அஞ்சாவது 0.82, அத எங்க போடப் போறீங்க? அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவுல நாலாவதே எப்பவாவது தான் விழுது. மாத்தறைக்கு ஹைவேயில அடிக்கடி போறவருன்னா, இல்ல பொக்ஸ் கேசிங்கே வெடிச்சிருந்தா, அப்ப எடுங்க. லோக்கல்ல பிளேட் வெட்டி டொயோட்டா பொக்ஸ் மாட்டித் தர்றோம்னும் சொல்லுவாங்க, லேத்ல சென்டர் ஒரு மயிரளவு தப்புனாலும் முன் பெயாரிங்க அது சாப்ட்டுரும்.

எறக்குறப்ப ரெண்டு விஷயம். தூக்க முந்தி பொக்ஸ் ஒயில வடிச்சிருங்க, செயின் புளொக்ல எஞ்சின் செங்குத்தா சாயும்போது வால் பக்கத்தால எல்லாம் கொட்டும், மாமா அன்னைக்கு வெள்ளை சாரம் கட்டியிருந்தாரு, அதுக்கு மேல நான் சொல்லல. இன்னொன்னு கிளச் ரிலீஸ் பெயாரிங். இந்த வண்டிக்கு அது பந்து பெயாரிங் இல்ல, ஒரு கரிக்கட்டி வளையம், ஏத்தத்துல வண்டிய ஹேண்ட்பிரேக் போடாம அரை கிளச்சுலயே நிப்பாட்டுற நம்ம ஊரு பழக்கத்துக்கு அது தேஞ்சுகிட்டே இருக்கும். நாங்க பாத்தோம், பாதி இருந்துச்சு, போதும்னு விட்டுட்டோம். மூணு மாசத்துல கொட்டகலை ஏத்தத்துல கிறீச்சுன்னு சத்தம், திரும்ப பொனட், ரேடியேட்டர், எஞ்சின் எல்லாம் வெளிய. இந்த தடவ மாமா மொதல்ல சாரத்த மாத்திட்டுத்தான் வந்தாரு.