ரப்பர் பேண்டுக்குள் படிகமா?

அன்புள்ள ஐயா,

ரப்பர் பற்றிய கட்டுரையில், ‘இழுத்தால் ரப்பர் படிகமாகிவிடுகிறது, சிங்க்ரோட்ரான் என்ற பெரிய வளைய வடிவ எக்ஸ் கதிர்க் கருவியில் அதைப் பார்த்திருக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். உப்பும் கற்கண்டும் படிகம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, விட்டதும் சுருங்கிக்கொள்ளும் ரப்பரையும் படிகம் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம், எக்ஸ் கதிர்க் கருவி பெரிய கல்லூரிகளிலேயே இருக்கிறதே, இதற்கு எதற்கு அத்தனை பெரிய வளையம்?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

பிள்ளைகள் சிரித்தால் அது என் தப்பு. ரப்பருக்குள் அங்கங்கே படிகங்கள் முளைக்கின்றன என்றுதான் எழுதியிருக்க வேண்டும். முழு ரப்பரும் படிகமாவதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். படிகம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சாதாரணக் கருவி போதும். டச்சு விஞ்ஞானி காட்ஸ் 1925-லேயே பார்த்துவிட்டார். இழுக்காத ரப்பர் வழியே எக்ஸ் கதிரை விட்டால், நிலா கோட்டை கட்டியது போல மங்கலான வளையம் விழும். சங்கிலி மூலக்கூறுகள் தாறுமாறாகச் சுருண்டு கிடப்பதன் அடையாளம் அது. நன்றாக இழுத்துப் பிடித்தால் வளையத்தோடு கூர்மையான புள்ளிகளும் தோன்றும். பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் நிமிர்ந்து வரிசையாக அடுக்கிக்கொண்ட இடங்கள் அவை. உப்பிலும் நடப்பது இந்த அடுக்குதான்; இங்கே அடுக்குகள் நானோமீட்டர் அளவுத் துண்டுகள், அவ்வளவே.

ஆனால் பழைய கருவியில் ஒரு படம் பதிய நெடுநேரம் ஆகும். அதுவரை ரப்பரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். படிகம் எப்போது பிறந்தது, எப்போது மறைந்தது என்பதெல்லாம் கைநழுவிப் போகும். சிங்க்ரோட்ரானில், ஏறக்குறைய ஒளிவேகத்தில் ஓடும் எலக்ட்ரான்களைக் காந்தங்கள் வளைக்கும்போது எக்ஸ் கதிர் பீறிடுகிறது. அதன் செறிவு காரணமாக, இழுக்க இழுக்கப் படமெடுத்துக்கொண்டே போகலாம். இரண்டு பிடிகளும் எதிரெதிர்த் திசையில் ஒரே வேகத்தில் நகரும், அப்போதுதான் ரப்பரின் நடுப்புள்ளி கதிரை விட்டு விலகாது. இந்தச் சின்னத் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் விஞ்ஞானிகள் டோக்கி, சியாவ் குழுவினர் இப்படித்தான் பார்த்தார்கள். அங்கிருந்த வளையத்தின் சுற்றளவு 170 மீட்டர்தான், நம் இந்தோரிலுள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் அளவு. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய இயற்கை ரப்பரில், அறை வெப்பத்தில், சுமார் நான்கு மடங்கு நீளத்தில் படிகம் தலைகாட்டுகிறது. தளர்த்தினால் உடனே மறையாமல் மூன்று மடங்கு வரை தாக்குப்பிடிக்கிறது. அதைவிட வியப்பு, பல மடங்கு இழுத்த பிறகும் சங்கிலிகளில் பெரும்பகுதி நிமிரவே இல்லை, சுருண்டபடியே கிடந்தன! ‘ரப்பர் படிகமாகிவிடுகிறது’ என்ற என் அவசர வாக்கியம் சறுக்கியது இங்கேதான்.

இந்தக் கொஞ்சம் படிகமே போதும். ரப்பர் கிழியத் தொடங்கும் முனையில்தான் இழுப்பு அதிகம். அங்கே படிகம் முளைத்துக் கிழிசலை மறிக்கிறது. விமான டயருக்கு இன்னும் இயற்கை ரப்பரைத் தேடுவதற்கு இது முக்கியக் காரணம். ஸ்டைரீன்-பியூட்டாடையீன் செயற்கை ரப்பரின் சங்கிலி ஒழுங்கற்றது, அது இப்படி அடுக்கிக்கொள்ளாது.

வகுப்புக்குச் சிங்க்ரோட்ரான் வேண்டாம். தடித்த ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைக்கச் சொல்லுங்கள், சூடு தெரியும். பார்வையற்ற ஆங்கில அறிஞர் ஜான் காஃப் இருநூறு ஆண்டுகளுக்கு முன் உதட்டால்தான் இதைக் கண்டுபிடித்தார். அந்தச் சூட்டில் சங்கிலிகள் நிமிர்வதன் பங்கும் உண்டு, படிகம் பிறப்பதன் பங்கும் உண்டு. இழுத்தபடியே அரை நிமிடம் வைத்திருந்து, தளர்த்திய உடனே மறுபடி உதட்டில் வையுங்கள். சில்லென்றிருக்கும்.