‘மன் ஸ்கவுதா’: தமிழ் வழியாக லிதுவேனியம் – கேள்வி பதில்

லிதுவேனியாவின் தலைநகரான வில்னியுஸில் சில ஆண்டுகள் வாழ்ந்து, கடையிலும் பேருந்திலும் தப்பும் தவறுமாகப் பேசியே லிதுவேனியம் கற்றவன் நான். அன்றாடப் பேச்சுக்கு வேண்டிய அளவு இம்மொழியைக் கற்க விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். லிதுவேனியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். சொல்லின் நடுவே இரட்டித்து வரும் வல்லினத்தை அழுத்தியும், ஒற்றையாக வருவதை மென்மையாகவும் ஒலிக்க வேண்டும்.

கேள்வி: முதல் வாரத்தில் எந்தச் சொற்களைக் கற்பது?

பகலில் யாரைக் கண்டாலும் ‘லபா தியெனா’, காலையில் ‘லாபஸ் ரீத்தஸ்’, மாலையில் ‘லாபஸ் வாக்கரஸ்’, நெருங்கியவர்களிடம் வெறும் ‘லாபஸ்’. நன்றிக்கு ‘ஆச்சூ’, தும்மல் போலிருப்பதால் இதை யாரும் மறப்பதில்லை. மன்னிப்புக்கு ‘அத்சிப்ரஷவ்’, புரியவில்லை என்பதற்கு ‘நெசுப்ரன்த்து’. மெதுவாகப் பேசச் சொல்ல ‘ப்ராஷொம் கல்பேத்தி லேச்சவ்’. அந்த ‘லேச்சவ்’வை நான் ‘லேசாக’ என்று நினைவில் வைத்துக்கொண்டேன். இரு சொற்களுக்கும் எந்த உறவும் கிடையாது, ஆனால் மனப்பாடத்துக்கு அது போதும்.

கேள்வி: கவுனாஸ் நகரில் மருத்துவம் படிக்கப் போகிறேன். பாடங்கள் ஆங்கிலத்தில்தான் என்றாலும் நோயாளிகளிடம் லிதுவேனியத்தில் பேச வேண்டுமாம். ஏழு வேற்றுமைகள் என்றதும் அச்சமாக இருக்கிறது.

ஏழு வேற்றுமைகளைக் கண்டு அஞ்ச வேண்டியவர்கள் ஆங்கிலேயர்கள்; எட்டு வேற்றுமைகளோடு வளர்ந்த நமக்கு அச்சம் எதற்கு? பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கில வழியாகவே விளக்குவதால், நமக்கு இயல்பாகவே தெரிந்ததைக்கூடப் புதிதாகக் கற்பதாக எண்ணிக் குழம்புகிறோம் என்பதுதான் இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது.

நோயாளியிடம் நீங்கள் முதலில் கேட்கப்போவது ‘குர் ஸ்கவுதா?’, அதாவது ‘எங்கே வலிக்கிறது?’. அவர் ‘மன் ஸ்கவுதா கால்வா’ என்பார். ‘மன்’ என்றால் ‘எனக்கு’, ‘ஸ்கவுதா’ என்றால் ‘வலிக்கிறது’, ‘கால்வா’ என்றால் ‘தலையை’. நாம் ‘தலை’ என்று எழுவாயாகச் சொல்வதை அவர்கள் இரண்டாம் வேற்றுமையில் சொல்கிறார்கள், அவ்வளவே வேறுபாடு. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது ‘மன் பத்தின்க்கா’, ‘எனக்கு வேண்டும்’ என்பது ‘மன் ரெய்க்கியா’, ‘எனக்குக் குளிர்கிறது’ என்பது ‘மன் ஷால்த்தா’. வயதைச் சொல்லும்போதும் நம்மைப் போலவே ‘எனக்கு இருபது ஆண்டுகள்’ என்பார்கள். ஆங்கிலம் வழியாகக் கற்கும் நண்பர்கள் இந்த ‘எனக்கு’ ஏன் வருகிறது என்று திகைத்து நிற்கையில், தமிழர் அதைக் கேட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ள முடியும்.

விளி வேற்றுமையும் அப்படித்தான். மருத்துவர் ‘தாக்தரஸ்’, அவரை அழைக்கும்போது ‘தாக்தரெ’, நமது ‘டாக்டரே’தான். நண்பன் ‘த்ரவுகஸ்’, அழைத்தால் ‘த்ரவுகெ’. ‘அஸ்’ என்று முடியும் ஆண்களின் இயற்பெயர்களில் மட்டும் முடிவு வேறு: யோனஸ் என்பவரை ‘யோனய்’ என்றழைக்க வேண்டும்.

உருபு சேரும் முறையை ‘மரம்’ என்ற சொல்லை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். ‘மரத்தில்’ என்கையில் மகர மெய் போய்விடுகிறதல்லவா? அதுபோல் ‘கவுனஸ்’ என்பதில் கடைசி ‘அஸ்’ உதிர்ந்து, ‘கவுனெ’ என்றால் கவுனாஸில், ‘இஷ் கவுனோ’ என்றால் கவுனாஸிலிருந்து, ‘ஈ கவுனா’ என்றால் கவுனாஸுக்கு என்று ஆகிறது. அட்டவணையைத் தூக்கி வைத்துவிட்டு, இப்படி முழுத் தொடர்களாகவே வாயில் ஏற்றுங்கள்.

கேள்வி: அப்படியானால் நமக்குக் கடினமானது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. முதலாவது, பால். உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. அடைமொழியும் அதற்கேற்ப மாறும். சூடான தேநீர் ‘கர்ஷ்தா அர்பத்தா’, சூடான பால் ‘கர்ஷ்தஸ் பியெனஸ்’. பால் ஏன் ஆண்பால் என்று கேட்டுப் பயனில்லை.

இரண்டாவது, ஒலி. தகரத்தில் அழுத்தம், மென்மை என்ற இரண்டுக்கும் நமக்கு ஒரே எழுத்து, அங்கே இரண்டு. ‘நீ’, ‘இரண்டு’ என்பவற்றுக்கான லிதுவேனியச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ‘து’தான். ஆனால் முன்னது ‘தலை’யில் வரும் தகரம், பின்னது ‘பந்து’வில் வரும் தகரம். இதைத் தாளில் கற்க இயலாது, காதால்தான் கற்க வேண்டும். அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதும் சொல்லுக்குச் சொல் இடம் மாறும், எழுத்தில் காட்டப்படவும் மாட்டாது. தொடக்கநிலையில் அதற்காக வருந்த வேண்டாம்; தவறாக அழுத்தினாலும் ரொட்டி கிடைத்துவிடும்.

கேள்வி: எழுத்துகளின் அடியிலுள்ள கொக்கிகளை விட்டுவிட்டு எழுதலாமா?

கைபேசிக் குறுஞ்செய்தியில் அவர்களே பல வேளைகளில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் படிக்கும்போது கொக்கி முக்கியம். முற்காலத்தில் மூக்கொலியைக் குறித்த அது இன்று நெடிலைக் குறிக்கிறது. ‘காபி’ என்பதற்குரிய சொல்லின் இறுதி எழுத்தில் கொக்கி வந்தால் ‘காபியை’ என்று பொருள். குறில், நெடில் பிரித்துப் பழகிய நமக்கு அந்த நீட்டம் காதிலும் எளிதில் விழும்.

லிதுவேனிய நெடுங்கணக்கின் 32 எழுத்துகள் மீது அவர்களுக்குத் தனிப் பற்று உண்டு. ரஷ்யப் பேரரசு 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லிதுவேனியம் அச்சிடுவதைத் தடை செய்திருந்தது. அக்காலத்தில் பிரஷ்யப் பகுதியில் அச்சான நூல்களைச் சாதாரண மக்கள் எல்லை தாண்டிச் சுமந்து வந்தார்கள். அவர்களுக்குக் ‘க்னீக்னெஷியெய்’, நூல் சுமப்போர், என்று பெயர். ஆகவே ஒரு விண்ணப்பத்திலோ வாழ்த்து அட்டையிலோ எழுதும்போது கொக்கிகளைப் போட்டே எழுதுங்கள்.

கேள்வி: சமஸ்கிருதம் ஓரளவு அறிவேன். லிதுவேனியம் அதற்கு மிக நெருக்கமாமே?

இரண்டும் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. பழைய வடிவங்களை லிதுவேனியம் நன்கு காத்து வைத்திருப்பதால் நெருப்பு ‘உக்னிஸ்’, தேன் ‘மெதுஸ்’, புகை ‘தூமய்’, மகன் ‘சூனுஸ்’ என்று வருவதைக் கண்டு மகிழலாம். ஆனால் கடையில் தண்ணீருக்கு ‘வந்துவோ’ என்றும் ரொட்டிக்குத் ‘துவோனா’ என்றும்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: யாரை ‘நீ’ என்பது, யாரை ‘நீங்கள்’ என்பது?

‘து’, ‘யூஸ்’ இரண்டும் ஏறக்குறைய நமது நீ, நீங்கள்தாம். ‘யூஸ்’ பலரையும் குறிக்கும், மரியாதையையும் குறிக்கும். அறியாதவர், மூத்தவர், ஆசிரியர், கடைக்காரர் எல்லாரிடமும் ‘யூஸ்’. அவர்களாகச் சொல்லும் வரை ‘து’வுக்கு இறங்காதீர்கள்.

கேள்வி: நான் சைவம். உணவகத்தில் எப்படிக் கேட்பது?

‘அர் ச்சா ஈரா மேசோஸ்?’, அதாவது ‘இதில் இறைச்சி இருக்கிறதா?’. நாம் கடைசியில் சேர்க்கும் வினா ‘ஆ’வுக்குப் பதிலாக அவர்கள் தொடக்கத்தில் ‘அர்’ வைக்கிறார்கள். ‘பெ மேசோஸ்’ என்றால் இறைச்சி இல்லாமல். துருவிய உருளைக்கிழங்கில் செய்யும் பெரிய கொழுக்கட்டையான ‘செப்பெலினய்’ பெரும்பாலும் இறைச்சிப் பூரணத்தோடு வரும், ஆகவே ‘சு வர்ஷ்கெ’, பாலாடைக்கட்டியோடு, என்று கேளுங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் குளிர்ந்த பீட்ரூட் சூப்பில் முட்டை இருக்கும் என்பதையும் நினைவில் கொள்க. தேநீருக்குச் சர்க்கரை வேண்டாமெனில் ‘பெ த்சுக்ரவுஸ்’.

கேள்வி: நான் வாய் திறந்ததும் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். என்ன செய்வது?

‘மோக்கவுசி லியெத்துவ்யூ கல்போஸ்’, லிதுவேனியம் கற்கிறேன், என்று சொல்லிவிட்டு லிதுவேனியத்திலேயே தொடருங்கள். பலர் உடனே மாறிக்கொள்வார்கள். இளைஞர்களை விடச் சந்தைக்காரர்களே இதற்கு நல்ல ஆசிரியர்கள் என்பது என் கருத்து. ஒருமுறை சந்தையில் ஒரு மூதாட்டியிடம் ஒரு கிலோ ‘ஓபுவொலெய்’ கேட்டேன். அளவு சொல்லிக் கேட்கையில் ஆப்பிள் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் வர வேண்டும். அவர் தராசில் பழங்களை வைத்துவிட்டு, பையைக் கையில் பிடித்தபடி, ‘ஓபுவொல்யூ’ என்று மெல்லத் திருத்தினார். நானும் ‘ஓபுவொல்யூ’ என்றேன். பிறகுதான் பை என் கைக்கு வந்தது.