உவர்க் காற்றில் ஈசோப்பு வளருமா?

கேள்வி: ஐயா, இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் கடற்கரையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. விவிலியத் திருப்பாடலில் வரும் ஈசோப்பு என்ற மூலிகையை வீட்டில் வளர்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி தபாலில் அனுப்பிய விதையை ஆகஸ்ட் மாதம் விதைத்தேன். நன்றாக முளைத்தது. இரண்டு அங்குலம் வளர்ந்ததும் இலை நுனி கருகி, நாற்றுகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துவிட்டன. கிணற்று நீர்தான் ஊற்றினேன், சற்றுக் கரிக்கும். தொட்டியில் தென்னை நார்க்கழிவும் எருவும் கலந்திருந்தேன். மீதி விதை இருக்கிறது. இங்கே இந்தச் செடி வருமா? இலையை எப்படிப் பயன்படுத்துவது? கால் ஏக்கரில் போட்டால் விற்குமா?

பதில்: சகோதரி, உங்கள் நாற்றுகளைக் கொன்றது நோய் அல்ல, உப்பு. நாற்றழுகல் நோயாக இருந்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று மடிந்து விழும். நுனியில் தொடங்கி உள்நோக்கிக் கருகுவது உப்பின் வேலை.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் தீவில் நல்ல நீர் என்பது மழை கொடுத்தது. அது மணலுக்குள் இறங்கி, கனமான கடல் நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மோட்டார் வைத்து இறைக்க இறைக்க அடியிலிருக்கும் உப்பு நீர் மேலேறும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு ஜனவரியில் இனிக்கிற அதே கிணறு ஆகஸ்டில் கரிப்பது இதனால்தான். அந்த நீரை, தென்மேற்குக் கச்சான் காற்று மண்ணை உலர்த்திக்கொண்டிருந்த மாதத்தில் ஊற்றியிருக்கிறீர்கள். நீர் ஆவியாகிவிடும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். போதாக்குறைக்குத் தென்னை நார்க்கழிவு. நல்ல நீரில் பலமுறை அலசாத நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு அதிகம். மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கிணற்று நீரை ஒருமுறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைப் பாருங்கள். மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குள் இருந்தால் தயங்காமல் ஊற்றலாம். 3-ஐத் தாண்டினால் இந்தச் செடிக்கு வேண்டவே வேண்டாம். அதைவிட நல்ல வழி, ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடி நீரை 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் பிடித்து, கொசு புகாமல் மூடி வைப்பது. ஈசோப்பு அதிகம் குடிக்கிற செடி அல்ல. ஒரு பீப்பாய் நீர் இரண்டு தொட்டிகளைக் கோடை வரை தாராளமாகக் கொண்டுசெல்லும்.

ஈசோப்பு தென் ஐரோப்பாவிலிருந்து காஸ்பியன் கடல் வரையிலான வறண்ட, சுண்ணாம்புக் கற்கள் நிறைந்த சரிவுகளின் செடி. துளசி, புதினா குடும்பம். வறட்சியைத் தாங்கும், சுண்ணாம்பைத் தாங்கும். வேரில் நீர் தேங்கினால் தாங்காது. ஆகவே உங்கள் மணலே அதற்குப் பிடித்த மண். சிப்பித்துகள் கலந்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் மணலை மழைநீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுங்கள். இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மக்கிய எரு போதும். எருவைக் கூட்டினால் இலை செழிக்கும், மணம் குறையும்.

நவம்பர் நடுவில் விதையுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். கனமழை நேராக அடிக்காமல் தாழ்வாரத்தில் வையுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் முளைக்கும். விரல் நீளம் வந்ததும் ஓரடி அகலத் தொட்டிக்கு ஒரு நாற்று வீதம் மாற்றி நடுங்கள். மார்கழி, தை மாதங்களில் பாக் நீரிணையிலிருந்து வரும் வாடைக் காற்று உப்புத் துளியைச் சுமந்து வந்து இலையில் பூசும். அதனால் தொட்டியை வீட்டின் தெற்குப் பக்கம் வையுங்கள். அந்த மாதங்களில் வெயிலும் தெற்கிலிருந்துதான் விழும். மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்த பிறகே நீர். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரிந்தால், அடித்துளை வழியாக வழிந்தோடும் வரை நல்ல நீர் ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள்.

சித்திரை பிறந்ததும் செடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம் மாற்றிப் பனையோலைத் தட்டி கட்டுங்கள். குளிர்நாட்டில் பல ஆண்டுகள் வாழும் செடி இது. நம் கோடையைத் தாண்டினால் மகிழ்ச்சி; தாண்டாவிட்டால் உங்கள் மேல் குற்றமில்லை. பிப்ரவரியிலேயே பூக்காத இளந்தண்டை நான்கு அங்குலத்துக்கு வெட்டி ஈர மணலில் ஊன்றி வையுங்கள். மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊரில் இருக்கிறீர்கள். குச்சி வேர்விட வைக்கும் கைப்பக்குவத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முளைத்ததும் இலையைப் பாருங்கள். ஒடுங்கி நீண்டு, விளிம்பில் பல் இல்லாமல், கசக்கினால் கற்பூரமும் புதினாவும் கலந்த மணம் வந்தால் அதுதான் ஈசோப்பு. அகன்று, பல் விளிம்போடு, சோம்பு மணம் வந்தால் அது அகஸ்டாக்கே என்ற வேறு செடி. விதைப் பொட்டலங்களில் இரண்டும் குழம்பிப் போவதுண்டு. திருப்பாடலில் வரும் செடி எது என்பதிலும் ஒரு செய்தி உண்டு. நாம் பேசும் ஈசோப்பு பாலஸ்தீன நாட்டில் தானாக வளர்வதில்லை. அங்கே சுட்டப்பட்டது ஆரிகனோ என்ற மண மூலிகையின் இனச் செடியாக இருக்கலாம் என்று தாவரவியலாளர் பலர் கருதுகிறார்கள். மனம் இருந்தால் பக்கத்துத் தொட்டியில் ஆரிகனோவும் வையுங்கள்.

இன்னொன்று, தபாலில் வெளிநாட்டு விதை இனி வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை வரக்கூடாது. ஒரு புதிய நோய் விதையோடு வந்தால் ஊர்த் தோட்டமெல்லாம் பாதிக்கும். உள்நாட்டு விதைக் கடைகளிலேயே ஈசோப்பு கிடைக்கிறது.

இலையின் சுவை காரமும் கசப்புமாக இருக்கும். கொழுப்புள்ள ஆட்டுக்கறிச் சாறு, நெய்மீன் வறுவல், பயறு வகைகளுக்கு நான்கைந்து இலையை நறுக்கி, இறக்கும்போது தூவினால் போதும். காய்ந்த இலை ஒரு தேக்கரண்டியை ஒரு குவளை வெந்நீரில் ஐந்து நிமிடம் மூடி வைத்துத் தேன் கலந்து குடிக்கலாம். யுனானி மருத்துவர்கள் சளிக்கும் இருமலுக்கும் தரும் ஜூஃபா என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்த இனம்தான். நிழலில் காயவைத்துக் கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள். பூக்க விட்டால் நீலப் பூவுக்குத் தேனீ மொய்க்கும்.

ஆனால் கருவுற்றவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், சிறு குழந்தைகள் இதை மருந்தாக எடுக்கவே கூடாது. கடையில் விற்கும் ஈசோப்பு எண்ணெயை யாரும் உள்ளே சாப்பிட வேண்டாம். அதிலுள்ள பினோகாம்போன் என்ற பொருள் வலிப்பைத் தூண்டும்.

கால் ஏக்கர் திட்டத்தை விட்டுவிடுங்கள். வாங்குவதற்கு ஆள் இல்லாத பயிருக்கு நல்ல நீரைச் செலவிட உங்கள் தீவால் முடியாது. அந்த நிலத்தில் மல்லிகை நாற்றே இருக்கட்டும். ஈசோப்பு இரண்டு தொட்டியில் இருக்கட்டும். மீதி விதையை ஈரம் படாமல் புட்டியில் அடைத்து, நவம்பர் வரை குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.