மருந்தில்லாப் பத்தியம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 38. எட்டு மாதங்களுக்கு முன் முடக்குவாதம் என்று உறுதியானது. வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, கூடவே ஃபோலிக் ஆசிட். இப்போது வலி அநேகமாக இல்லை. ஆனால் மாத்திரை போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டல். அது கேன்சர் மருந்து, கல்லீரல் போய்விடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். தக்காளி, கத்தரிக்காய், பருப்பு, இறைச்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஐந்து கிலோ இளைத்தும்விட்டேன். வலிதான் போய்விட்டதே, இனி பத்தியத்திலேயே சமாளிக்க முடியாதா? உங்களுக்கும் இதே நோய் என்று எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் மருத்துவன் அல்ல, பன்னிரண்டு வருட நோயாளி. அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடம் நானும் இதே கணக்கைப் போட்டேன். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். ஐந்து வாரம் ஒன்றுமே ஆகவில்லை. அந்தப் பெருமிதத்தில் இரண்டு பேருக்கு ஆலோசனை வேறு வழங்கினேன். மெத்தோட்ரெக்சேட் வேலையைக் காட்டவே ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். என்னிடமிருந்து விடைபெறுவதிலும் அது அவசரப்படவில்லை. பத்தாவது வாரம் ஒரு காலை, பற்பசை மூடியைத் திருக முடியாமல் பல்லால் கடித்துத் திறந்தேன். சட்டையில் இரண்டு பொத்தான் போட இருபது நிமிடம். மருந்தைத் திரும்பத் தொடங்கியதும் வீக்கம் வடிந்தது. வலது மணிக்கட்டு மட்டும் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை.

நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. வீங்கிய சவ்வு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. வலி மாத்திரை வலியைத்தான் அடக்கும். உங்கள் வாராந்திர மாத்திரை அந்த அரிப்பைத் தடுக்கிறது. வலி இல்லை என்பது அது வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

கேன்சர் மருந்துதான், பொய்யில்லை. அங்கே கொடுக்கும் அளவுகள் வேறு. முடக்குவாதத்துக்குப் பொதுவாக வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம். அமெரிக்காவில் 1988லேயே இதற்கென அனுமதி கிடைத்தது. கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பார்க்கத்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அதைத் தள்ளிப்போடாதீர்கள். மதுவைத் தவிர்ப்பது நல்லது. இதைவிட நான் பயப்படுவது கிழமைக் குழப்பத்துக்கு: வாராந்திர மாத்திரையைத் தினமும் விழுங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. நான் மாத்திரை போட்ட காலத்தில் அட்டையின் பின்பக்கம் பேனாவால் ‘ஞாயிறு’ என்று பெரிதாக எழுதி வைத்திருப்பேன். இன்னொன்று, குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது.

இனி பத்தியம். அந்தச் சொல்லே மருந்தோடு பிறந்தது. மருந்து சாப்பிடுகிறவர்தான் பத்தியம் இருப்பார். மருந்தை விட்டபின் இருப்பது வெறும் பட்டினி. உணவால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. 1991ல் வெளிவந்த நார்வே ஆய்வு ஒன்றில், சில நாள் பட்டினிக்குப் பின் ஒரு வருடம் சைவ உணவில் இருந்த நோயாளிகள் சிலருக்கு நல்ல பலன் தெரிந்தது. மீன் எண்ணெய் வலியையும் காலை விறைப்பையும் கொஞ்சம் குறைக்கிறது. ஆனால் இதெல்லாம் துணைக்கு வருபவை.

நீங்கள் விட்டிருக்கும் பட்டியல் இரண்டு வேறு கதைகளின் கலவை. இறைச்சியைக் குறைக்கச் சொல்வது யூரிக் ஆசிட் கூடி வரும் மூட்டுவலிக்கு, அது வேறு நோய். அந்த அறிவுரை எல்லா மூட்டுக்கும் பொதுவாகி, போகிற வழியில் பருப்பையும் இழுத்துக்கொண்டது. தக்காளி, கத்தரி மீதான பழிக்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஒன்றைச் சாப்பிடும்போதெல்லாம் வலி கூடினால் அந்த ஒன்றை மட்டும் விடுங்கள். இந்த நோயே தசையைக் கரைக்கும். நீங்கள் புரதத்தையும் நிறுத்தினால் ஐந்து கிலோ போகாமல் என்ன செய்யும்?

பெயர், விவரம் எதுவும் இல்லாத பொடியை யாராவது கொண்டுவந்து ஒரே வாரத்தில் வலி பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

குமட்டலைச் சகித்துக்கொண்டு இருக்காதீர்கள். அதற்கு வழி இருக்கிறது: இரவில் சாப்பாட்டுக்குப் பின் போடுவது, ஃபோலிக் ஆசிட் அளவைக் கூட்டுவது, ஊசிக்கு மாறுவது. எனக்கு ஊசிதான் ஒத்துவந்தது. உங்களுக்கு எது என்பதை மருத்துவர் சொல்லட்டும். எடை குறைந்ததையும் அவரிடம் சொல்லுங்கள். பருப்புக்கு யாரையும் கேட்கவேண்டாம், இன்றைக்கே சாப்பிடலாம்.